சூசையின் குரலுக்குச் சதை

பதிவு 61. காலை 06.20
துளைவாய் அறை, வியாழனின் நிலவு யூரோப்பா. எழுதுபவர்: கா. மாரீஸ்வரி, ஒலிப் பொறுப்பு.

அறை வெப்பம் சரி. மின்கலம் சரி. பனித்துளைக்குள் இறங்கிய கம்பி இறுக்கமாக இருக்கிறது. கம்பியின் அடி நுனியில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் சூசை அண்ணன். பனியைக் குடைந்து கீழே இருக்கும் கடலைத் தொடப் போகிறார். இன்னும் ஐந்து நாள் வேலை.

கூண்டின் காற்றையும் அவர் நாடித்துடிப்பையும் சொல்லும் கம்பி இறங்கும்போதே அறுந்துவிட்டது. பேச்சும் எழுத்தும் போகும் பேச்சுக் கம்பி மட்டும் பிழைத்தது. அதனால் தினமும் காலையில் ஒரே வாக்கியத்தை அவர் சொல்ல வேண்டும். மேலே சுற்றும் தாய்க்கப்பலில் மருத்துவர் கலாவல்லி அதைக் கேட்டு, தங்கலாமா ஏறலாமா என்று முடிவு செய்வார். ஏறினால் துளை உறைந்து மூடிக்கொள்ளும். மறுமுறை கிடையாது.

இன்று சொன்னது, அவர் ஊர்க் கடற்காற்றுகளைப் பற்றிய அதே வாக்கியம்:
"கச்சான் அடிச்சா கடல் கலங்கும், வாடை அடிச்சா வலை நெறையும். போதுமா டாக்டரம்மா? ஏ பிள்ள மாரி, இன்னைக்காவது வாயத் தொறந்து குட்மார்னிங் சொல்லுவியா, இல்ல வாயில கொழுக்கட்டையா?"

நான் வழக்கம்போல எழுத்தில் பதில் அனுப்பினேன். 'குட்மார்னிங் அண்ணே.'

சாத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வாய்மொழித் தேர்விலும் பதிலை எழுதிக் கொடுத்தவள். அடுத்தவர் குரலைச் சீராக்கும் வேலையை நான் தேர்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பதிவு 62. காலை 07.05
சூசை அண்ணன் ஒரு உதவி கேட்டார்.

"நான் அனுப்புற பேச்சக் கேட்டு ஊர்ல எங்கம்மா அழுறா பிள்ள. பயலுக்குக் குரலு ஈர்க்குச்சியாட்டம் ஆயிட்டுன்னு ஒரே பாட்டு. நீ படிச்ச படிப்புல ஏதாச்சும் இருக்கும்லா? கொஞ்சம் சதை போட்டு அனுப்பு."

இருக்கிறது. பெயர் சாச்சுரேஷன். இதை வாசிப்பவர் வேறு துறையாக இருக்கலாம், அதனால் விளக்குகிறேன்.

ஒரு மின்சுற்றுக்கு அது தாங்குவதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒலியைக் கொடுக்க வேண்டும். அலையின் உச்சிகள் நிமிர முடியாமல் வளைந்து மழுங்கும். அப்படி வளைந்த அலையில் மூலத்தில் இல்லாத ஒலிகள் பிறக்கின்றன. நொடிக்கு நூறு அதிர்வு உள்ள ஒலியைக் கொடுத்தால் இருநூறு, முந்நூறு, நானூறு என்று மடங்குகள் வரும். அவைதான் ஹார்மோனிக்குகள். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒரேபோல வளைந்தால் ஒற்றை மடங்குகள் மட்டும், கொஞ்சம் முரடாக. ஒரு பக்கம் கூடுதலாக வளைந்தால் இரட்டை மடங்குகளும் சேரும், கனிந்து கேட்கும்.

நம் பனிக்கம்பி அடித்தொனியைக் கடத்தாது. ஆனால் இருநூறும் முந்நூறும் நானூறும் கேட்டால், கேட்காத நூறைக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். எங்கள் அம்மா சின்ன செல்போனில் பாட்டுக் கேட்டு "தவில் என்னமா அடிக்கான்" என்பாள். அந்த ஸ்பீக்கரிலிருந்து தவிலின் அடித்தொனி வரவே வராது. அம்மாவின் காது போட்டுக்கொண்டது.

முதலில் ஒரு கருவி அவர் குரலை ஒரே மட்டத்துக்கு உயர்த்தும். அடுத்து சாச்சுரேஷன். மருத்துவருக்கு ஒலிபரப்பும் கருவியின் கம்பி என் மேசைக்கு முன்பே, சுவர்ப் பெட்டியில் பிரிகிறது என்று வரைபடத்தில் இருக்கிறது. அவருக்கு மூலக் குரலே போகும். அம்மாவுக்குப் போவதில் மட்டும் சதை.

பதிவு 63. மறுநாள், பிற்பகல் 14.40
பூமியிலிருந்து, சூசை அண்ணனின் அம்மா சலேத்தம்மாள்:
"யப்பா சூசை, இப்பந்தான் எம்மவன் கொரலு! கேட்டதும் ரெண்டு தோசை கூட எறங்குச்சு. அந்தச் சாத்தூர்ப் பிள்ள ஏதோ பண்ணுதாம்லா, அவளுக்கு மாதா தொணை. அவ பேசவே மாட்டாளாமே, ஊமையாடா?"

சூசை அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது. காலையில் வாக்கியத்தையும் இரண்டாகப் பிரித்துத்தான் சொல்லியிருந்தார், நடுவில் ஒரு இடைவெளி. கேட்டதற்கு, "கலங்கும்னு சொன்னா கொஞ்சம் கலங்க விடணும் பிள்ள" என்றார்.

மருத்துவர்: "குரல்ல பலம் குறையல. தங்கலாம்."

பதிவு 64. இரண்டு நாள் கழித்து, காலை 06.50
கூண்டின் காற்றுப் பம்பு ஓசை கூடியிருக்கிறது. ஐந்நூறு அதிர்வில் ஒரு ரீங்காரம். சாச்சுரேஷனுக்குள் இரண்டு ஒலிகள் சேர்ந்து போனால் அவை ஒன்றையொன்று கடித்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒலிகளைப் பெறும். அதனால் அவர் குரலைச் சுற்றி ஒரு கரகரப்பு. டிரைவை, அதாவது சுற்றுக்குள் தள்ளும் ஒலியளவை, கொஞ்சம் குறைத்தேன். போகவில்லை.

'அண்ணே, பம்பு சரியா?' என்று எழுதினேன்.

"பம்பு மாப்பிள்ளையாட்டம் ஓடுது. நீ உன் சோலியப் பாரு."

பதிவு 65. காலை 07.30
மருத்துவர்: "குரல் தெம்பாத்தான் இருக்கு மாரீஸ்வரி. பின்னால மட்டும் ஒரு கரகரப்பு. லைனைப் பாரும்மா. அவர் தங்கலாம். நாங்க இப்ப நிலவோட மறுபக்கம் போறோம், நாலு மணி நேரம் தொடர்பு இருக்காது."

நன்றி என்று எழுதி அனுப்பிவிட்டேன். தேநீர்ப் பையை வெந்நீரில் போட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

அந்தக் கரகரப்பு மூலத்தில் கிடையாது. என் சுற்றுக்குள்தான் பிறக்கிறது. அது மருத்துவருக்கு எப்படிக் கேட்டது?

பதிவு 65-அ. காலை 07.55
மேசைக்கு அடியில் நுழைந்து பார்த்தேன். மருத்துவரின் கம்பி சுவரில் பிரியவில்லை. வரைபடம் பழையது. என் கருவிகளைத் தாண்டி வந்து, என் வெளியேறும் முனையில் மாட்டியிருக்கிறது. இத்தனை நாளும் அவர் கேட்டது நான் சதை போட்ட குரல்.

மூலப்பதிவைப் போட்டுக் கேட்டேன். எந்தக் கருவியும் இல்லாமல்.

குரலே இல்லை. காற்று. காற்றுக்குள் எங்கோ ஒரு மனிதர் கச்சானையும் வாடையையும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்குகிறார்.

பம்பு ஓசை கூடவில்லை. அன்றும் இன்றும் ஒரே அளவு. அவர் குரல் இறங்க இறங்க, என் கருவி எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறது. உச்சியை மழுக்கி, அடியை நிரப்பி, குறைந்ததே தெரியாமல் செய்திருக்கிறது. அதன் வேலை அதுதான். அதை ஓட்டியது நான்.

பம்பு ஓடுகிறது, ஆனால் கூண்டுக்குள் அவர் விடும் மூச்சு வெளியேறவில்லை; விட்டதையே இழுக்கிறார்.

பதிவு 66. காலை 08.10
தாய்க்கப்பல் மறுபக்கத்தில். அனுமதி கேட்க ஆளில்லை. அவசரக் கைப்பிடியைத் திருப்பிவிட்டேன். கம்பி ஏறுகிறது. கூண்டு மேலே வர ஒன்பது மணி நேரம். முழுப் பொறுப்பும் என்னுடையது. துளை மூடும். மூடட்டும்.

சூசை அண்ணன்:
"ஏய்… யாரு இழுக்கா? மாரி… நிப்பாட்டு. ரெண்டு ஆள் ஒசரந்தான் பாக்கி. நிப்பாட்டு பிள்ள."

'உங்க மூலக் குரலைக் கேட்டுட்டேன்' என்று எழுதினேன்.



"கேட்டுட்டியா. …கம்பி எங்கன பிரியுதுன்னு எனக்குத் தெரியும். நாந்தான மாட்டுனேன். இறங்குறதுக்கு முன்னாடி… சுவர்ப் பெட்டியில ஈரம்னு மாத்தி மாட்டுனேன். அப்பம் ஒண்ணும் மனசுல இல்ல. பொறவுதான் தோணுச்சு. அம்மா அழுதது நெசம். ஆனா… டாக்டரம்மாவும் கேப்பான்னு தெரிஞ்சுதான் உங்கிட்ட கேட்டேன். உன் மேல பழி இல்ல. கேக்குதா? எழுதி வையி."

எழுதி வைக்கிறேன். ஆனால் என் மேல் பழி இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோபம் வந்தது. என்னைக் கருவிகளில் ஒன்றாக நடத்தியிருக்கிறார். 'ஏன் அண்ணே' என்று மட்டும் அனுப்பினேன்.

"எங்கப்பன் கடல்ல போனான். பொணம்கூட கிடைக்கல. சின்னதுல இருந்து… எந்தக் கடலப் பாத்தாலும் அதுக்கு அடியில போயி பாக்கணும்னு… இம்புட்டுத் தூரம் வந்துட்டு தண்ணியத் தொடாம ஏறச் சொல்லுதியே."

பதிவு 67. முற்பகல் 11.25
கம்பி ஏறுகிறது. அரைவாசிகூட வரவில்லை. பேச வேண்டாம், மூச்சை மிச்சப்படுத்துங்கள் என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன். திரையை அவர் பார்க்கிறாரா தெரியவில்லை.

"கண்ணு தெரியல பிள்ள. எழுத்து… கலங்குது. வாயால பேசு."

ஒலிவாங்கியின் பொத்தான் என் கைக்கு அருகில்தான் இருக்கிறது. இந்த அறைக்கு வந்ததிலிருந்து அதை நான் அழுத்தியதில்லை.

"மாரி… கீழ தண்ணி சத்தம் கேக்குது. அலை அடிக்குது. உனக்குக் கேக்குதா?"

மூலத்தை முழுதாக ஏற்றினேன். பம்பு. அவர் மூச்சு. வேறு எதுவும் இல்லை. சாச்சுரேஷனைப் போட்டேன். ரீங்காரமும் மூச்சும் ஒன்றையொன்று கடித்து, தூரத்து அலைபோல ஏதோ புரண்டது. அது கடல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பொத்தானை அழுத்தினேன்.

"கேக்குது அண்ணே. நல்லா கேக்குது."

"அட… ஊமைக்குக் குரலு இருக்கே. …நல்ல குரலு பிள்ள."

பதிவு 67-அ. 11.50
பம்பு மட்டும்.

பதிவு 67-ஆ
பேசிக்கொண்டே இருக்கிறேன். சாத்தூர் பஸ் நிலையத்தைப் பற்றி. காராச்சேவைப் பற்றி. கச்சான் அடிச்சா கடல் கலங்கும் என்று திரும்பத் திரும்ப. தாய்க்கப்பல் தொடர்புக்கு வந்தது. மருத்துவர் ஏதோ கேட்டார், அழுதார். பேச்சுக் கம்பியை அவருக்குக் கொடுக்கவில்லை. அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தேன்.

பதிவு 68. மாலை 17.15
கூண்டு மேலே வந்தது. கதவைத் திறந்தேன். அண்ணன் போய்விட்டார்.

துளை மூடிவிட்டது.

பதிவு 69. நேரம் குறிக்கவில்லை
பூமியிலிருந்து, சலேத்தம்மாள். செய்தி புறப்பட்டபோது அவருக்கு எதுவும் தெரியாது.

"யப்பா, நேத்து பேசுனது கேட்டேன். நல்லா தேறிட்ட, சதை வச்சிட்ட. நாளைக்கும் இதே தெம்போட பேசணும், ஆமா. அந்தப் பிள்ளகிட்ட சொல்லு, நீ வந்ததும் அவளுக்கு மாசிக் கருவாடு குடுத்து விடுதேன்."

மருத்துவர் தானே சொல்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன், வாயால்.

அண்ணனின் கடைசி மூலப்பதிவு என்னிடம் இருக்கிறது. குமிழைத் திருப்பினால் அதிலிருந்து இன்னும் ஒரு தெம்பான மகனை எடுத்து அனுப்பலாம். கை அங்கே போனது. எடுத்துவிட்டேன். கருவிகள் எல்லாவற்றையும் கம்பியிலிருந்து உருவிப் போட்டுவிட்டேன். தண்ணீர் கேட்டது என்று அவருக்குச் சொன்னது பொய். அதையும் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

என் குரலில் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டேன். ஈர்க்குச்சிபோல இருக்கிறது. நடுங்குகிறது, இடையில் நின்று நின்று போகிறது. "அம்மா, நான் சாத்தூர் மாரீஸ்வரி பேசுறேன்" என்ற இடத்துக்குப் பிறகு நெடுநேரம் வெறும் காற்று.

அப்படியே அனுப்பிவிட்டேன்.

இந்தப் பதிவுகளோடு அந்த ஒலிக்கோப்பும் இருக்கிறது. கண்டெடுப்பவருக்கு: அதில் எதையும் கூட்ட வேண்டாம். அந்தக் காற்றையும் வெட்டி எடுக்க வேண்டாம். அந்த இடத்தில்தான் நான் சொன்னேன், அண்ணன் இல்லை என்று.