ரசாக் நானா எழுதிய பக்கம்

மார்ச் 14, வெள்ளி

எங்கள் லொறிக் கொம்பனியின் வரலாற்றை அண்ணை புத்தகமாக அச்சடிக்கிறார். அதில் ஐயாவின் தொழில் பங்காளி ரசாக் நானாவின் பெயரே இல்லை. இன்று கேட்டேவிட்டேன்.

"ஐயா தொடங்கினது எண்டால் காணும்."

"ஓட்டப் புத்தகம் முழுக்க நானாவின்ரை கையெழுத்தெல்லே, அண்ணை?"

"அதை இப்ப ஆர் பாக்கப் போகினம்?"

நன்றிகெட்ட வேலை! லொறி புறப்பட முன் ஏற்றிய சாமானையும் திரும்பும் நாளையும் ஓட்டப் புத்தகத்தில் எழுதவேண்டும் என்பது ஐயாவின் கட்டளை. அந்தப் புத்தகங்களைக் கறையான் அரிக்காமல் காத்தவரும் ஐயாதான். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்திய நாளின் பக்கம் என் முன்னால் கிடக்கிறது. 'ஏற்றிய சாமான்' என்ற இடத்தில் ரசாக் நானா தன் பிள்ளைகளின் பெயர்களை எழுதியிருக்கிறார்.

'திரும்பும் நாள்' என்ற இடத்தில், 'நாளைக்கு'.