வில்லு என்று எழுதிய இடம்

1973 யூன் 4, திங்கள்

கொழும்பிலிருந்து வந்திருக்கும் திட்ட அதிகாரி தவராசா இன்று கந்தோரில் என் வரைபட மேசையில் சாய்ந்து, நான் கீறிய நகரப் படத்தைப் பார்த்தார். பூங்காவுக்கு இடம் தேடுகிறாராம். சனம் உலாவ, படகு விட, பறவை பார்க்க. அன்புவழிபுரத்துக்குப் பின்னால் ‘வில்லு’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“வில்லு! என்ன அழகான பேர். இராமர்ட வில்லோ, அருச்சுனன்ட வில்லோ?”

நான் வாய் திறக்கவில்லை. மாரியில் தண்ணீர் வந்து தங்கும் பள்ளத்தை இந்தப் பக்கத்தில் வில்லு என்போம். மாடு மேய்ப்பவனுக்கும் தெரியும். அம்பும் வில்லும் என்று நினைக்கிற மனிதர் நீர்நிலைக்குத் திட்டம் போட வந்திருக்கிறார்!

யூன் 19

தவராசாவின் திட்டம் வந்துவிட்டது. வில் வடிவத்தில் சீமெந்துத் தடாகம். நாண் மாதிரி நடைபாதை. அம்பு மாதிரிப் பூப்பாத்தி. முனை துறைமுகத்தைப் பார்த்தபடி. எதிரி கப்பலில் வருகிறான் போலும். மிச்சப் பள்ளம் முழுவதும் கிரவல் மண் போட்டு நிரப்பிப் புல் வளர்ப்பதாம். இத்தனையையும் மையில் கீறியவன் நான். ஒரு கோடு பிசகவில்லை.

வீட்டில் சொல்லிச் சிரித்தேன். சீலா சிரிக்கவில்லை. “இஞ்சேருங்கோ, அந்தாளுக்கு விளங்கேல்லையெண்டால் சொல்லிப்போடுங்கோவன். பக்கத்தில ‘தண்ணி நிக்கிற இடம்’ எண்டு எழுதினால் என்ன?”

என் மனைவியின் யோசனையைப் பார்! பாலர் வகுப்புக்கா நான் படம் கீறுகிறேன்? இருபத்திரண்டு வருடக் கை இது. முதல் மழைக்கே அந்தத் தடாகம் மூழ்கட்டும். ஊர் சிரிக்கட்டும். அதைப் பார்க்கத்தான் இருக்கிறேன்.

யூலை 11

பல்கீஸ் என்ற பெண் கந்தோருக்கு வந்தாள். வில்லில் பன்புல் அறுத்துப் பாய் இழைப்பவள். வீடும் வில்லின் கரையில்தான். கூட நாலைந்து பெண்கள். தவராசா வெளியே போயிருந்தார். ஆகவே என் தலையில்.

“இக்னேசியஸ் ஐயா, மண்ணப் போட்டா தண்ணி எங்க போற? எங்கட ஊட்டுக்குள்ளதான் வந்து இரிக்கும்.”

மனு எழுதித் தாருங்கள் என்றேன். அவளுக்கு எழுதத் தெரியாது என்பது தெரிந்தேதான் சொன்னேன்.

“எழுதத் தெரிஞ்ச ஆள் நீங்கதானே?” என்றாள்.

வேலை கிடக்கிறது என்று அனுப்பிவிட்டேன். படிக்காத சனத்துக்கு எல்லாம் அவசரம்.

ஓகஸ்ட் 2

கிரவல் லொறிகள். ஒரே புழுதி. தவராசா தொப்பியோடு நடுவில் நிற்கிறார், போர்க்களமாம்.

ஒக்டோபர் 14

திறப்பு விழா. மேளம், பேச்சு, மறுபடியும் பேச்சு. தவராசாவின் கழுத்தை மாலைகளுக்குள் தேடவேண்டியிருந்தது. அருச்சுனன் கதையை அரை மணித்தியாலம் சொன்னார். சனமும் கை தட்டிற்று, வெட்கமில்லாமல். நானும் தட்டினேன். மழைக்கு இன்னும் எத்தனை நாள்?

நவம்பர் 27

மூன்று நாளாக அடைமழை. குடையைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கத் தயாராகப் போனேன்.

பூங்கா மூழ்கவில்லை. மண் போட்டு உயர்த்தியதல்லவா? சனம் இருக்கப் போட்ட சீமெந்து வாங்குகள் கழுவிவிட்ட மாதிரிப் பளிச்சென்று நிற்கின்றன. தண்ணீர் முழுவதும் கரை வீடுகளின் ஒழுங்கைக்குள். பதினேழு வீடுகள். பல்கீஸின் வீட்டில் இடுப்பளவு.

அந்தப் படத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் உயரம் குறித்தவன் நான். எனக்குத் தெரியாமலா இருந்தது? தவராசா நனைவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேனே— அந்த மனுசி கந்தோருக்கு வந்து சொன்னவள். வாயால சொன்னவள்! சீ, நானும் ஒரு மனுசன்.

நவம்பர் 29

ஒழுங்கைச் சனம் பள்ளிக்கூடத்தில். சீலா பாணும் சம்பலும் கொண்டு போனாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால். பல்கீஸ் என்னைக் கண்டு கேட்டாள்:

“படம் கீறின நீங்களாமே. வில்லு எண்டு எழுதல்லியா?”

“எழுதினனான்.”

“அவருக்கு வெளங்கல்ல எண்டு தெரியுமா?”

“ஓம்.”

அவள் ஏசவில்லை. நனையாமல் தப்பிய ஒரே பாயை உதறி விரித்து, “இரிங்க” என்றாள். என்னால் இருக்க ஏலவில்லை.

டிசம்பர் 10

தவராசாவுக்குக் கொழும்பில் பதவி உயர்வாம். வெள்ளத்தைப் பற்றிக் கேட்டதற்கு, ‘பெயரின் பொருளை உள்ளூர் அலுவலர் எவரும் எனக்குத் தெரிவிக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஆள் இங்கே எழுதிய ஒரே உண்மை அதுதான்.

என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம். ‘தெரிந்தும் சொல்லவில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். சீலா வாசித்தாள். கன நாளைக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

1974 சனவரி 3

நிரப்பிய மண்ணை அள்ளுவதற்குப் புதிய படம் கேட்டார்கள். இந்தக் கந்தோரில் நான் கீறும் கடைசிப் படமாக இருக்கலாம். பள்ளத்தின் மேல் ‘வில்லு’ என்று எழுதினேன். பக்கத்தில், பாலர் வகுப்புப் பிள்ளையும் வாசிக்கும் பெரிய எழுத்தில், ‘தண்ணீர் வந்து இருக்கும் இடம்’.