கேட்டுக்கு முந்தின திருப்பம்

9 பிப்ரவரி 2002, தைத்

கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. தக்காளிச் செடி பூராவும் கருகல். பண்ணையை மூடிவிட்டு ஆடு, பம்ப், ஆட்கள் எல்லாவற்றையும் மேற்கே லிவாவுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் அர்பாப், எங்கள் அரபி முதலாளி. பெரியப்பாதான் பண்ணைக்கு சூப்பர்வைசர், அதனால் நாங்களும் போகிறோம். "ஆட்டு வாசம் போகுதோ இல்லையோ, நாம போறோம்" என்று பெரியம்மா பாத்திரம் கட்டுகிறாள்.

13 பிப்ரவரி

எழுதவே கை கூசுகிறது.

ஸ்கூல் பஸ் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா பிக்கப்பில் கொண்டுவந்து விட்டார். பின்னால் நாலு ஆடு. ஸ்கூல் கேட்டில் என் வகுப்பு சுஷ்மிதா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உங்க டாடியா?" என்றாள்.

"இல்ல, டிரைவர்."

வண்டி ஜன்னல் திறந்திருந்தது. அவர் இறங்கிச் சுற்றி வந்து என் பையை எடுத்துக் கொடுத்தார். "வரட்டுங்களா மேடம்?" என்றார். சிரிக்கவில்லை. கிண்டலும் இல்லை.

14 பிப்ரவரி

அப்பா இல்லைதானே? பெரியப்பாதானே? அப்படிப் பார்த்தால் பாதிப் பொய்தான் — சீ!

எனக்கு ஆறு வயதில் பெற்றவர்கள் இறந்துபோனதும் தூக்கி வந்து தத்தெடுத்தவர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது. 'அப்பான்னு கூப்பிடு' என்று ஒருநாளும் கேட்டதில்லை. "வர்றப்ப வரட்டும்" என்று பெரியம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. வந்துச்சே, நல்லா வந்துச்சு வாயில — டிரைவர்னு!

2 மார்ச்

அன்றிலிருந்து கேட்டுக்கு முந்தின திருப்பத்திலேயே வண்டியை நிறுத்திவிடுகிறார். ஏன் என்று நானும் கேட்பதில்லை. கேட்க எனக்கு மூஞ்சி ஏது?

28 மார்ச், வழியில்

எட்டு பிக்கப், இரண்டு லாரி, வரிசையாக. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேரே முகத்தில். தரீஃப் பக்கம் பெட்ரோல் பங்கில் டீக்கு நிறுத்தினோம். லாரி ஓட்ட நேற்றுச் சேர்ந்த ஈசா, கீழக்கரைக்காரர், "பாப்பா யாருண்ணே?" என்றார்.

பெரியப்பா டீயை ஊதிக்கொண்டே, "மேடமுங்க. நான் டிரைவர்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் தெரியாமல் பெரியம்மாவும் சிரித்தாள். அவர் மட்டும் என்னைப் பார்த்தார். அப்பா என்று கூப்பிட இதைவிட நல்ல நேரம் வருமா? டீ நாக்கைச் சுட்டுவிட்டது என்று சொல்லி அழுதேன்.

30 மார்ச், லிவா

எங்கே பார்த்தாலும் மணல். தண்ணீர் மட்டும் நன்றாக இருக்கிறது.

6 ஏப்ரல்

புதுப் பள்ளிக்கூடம், முதல் நாள். இங்கேயும் ஒரு திருப்பம் முன்னாலேயே பிக்கப் நின்றது.

"கண்ணு, இங்கயே எறங்கிக்கறயா?"

"கேட்டுக்கே போங்க."

"பின்னாடி ஆடு நிக்குதே."

"நிக்கட்டும்."

கேட்டில் ஒரு பெண் ஆடுகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "யாரு அது?" என்றாள்.

"எங்க அப்பா."

சத்தமாகத்தான் சொன்னேன். திரும்பிப் பார்த்தேன். நான் இறங்கியதுமே ஜன்னலை ஏற்றிவிட்டிருந்தார். காதில் எதுவும் விழக்கூடாது என்றுதானே? வண்டி போய்விட்டது.

நாளைக்கு ஜன்னலை இறக்கி வைக்கச் சொல்ல வேண்டும்.