ஏழாம் நம்பர் புட்டி

மார்ச் 4

என் அன்பு வாயாடிக்கு,

நலம்தானே? புது லேப் கிடைத்ததும் பழைய தோழி கண்ணுக்குத் தெரியவில்லையாக்கும்! இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை.

எனக்குச் சேற்றுப் புட்டிகள்தான் குடும்பம். உனக்குத் தெரியாததா? ஒரு நுண்ணுயிர் தின்றுவிட்டு, மிஞ்சும் எலக்ட்ரானை இன்னொன்றிடம் தள்ளிவிட்டால்தான் இரண்டும் பிழைக்கும், மீத்தேன் வாயுவும் வரும். கரித்தூள் கலந்த சேற்றில் அந்தக் கரியே நடுவில் நின்று கைமாற்றிவிடுகிறது. கரி போடாத புட்டியைவிட ஏழாம் நம்பர் புட்டியில் வாயு மூன்று மடங்கு வந்திருக்கிறதடி! கைடுக்குக்கூட இன்னும் காட்டவில்லை. அளவுகளை இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல். ஆறு வருஷமாக இழுக்கும் டாக்டர் பட்டம் இதை நம்பித்தான் இருக்கிறது.

உன் கரிக்குருவி

மார்ச் 19

கரிக்குருவிக்கு,

கோபித்துக்கொள்ளாதே, இங்கே மூச்சுவிட நேரமில்லை. ஒற்றைப் புட்டியை வைத்துக்கொண்டு குதிக்காதேடி. இதில் ஒன்றுமில்லை, விட்டுத்தள்ளு. உடம்பைக் கவனித்துக்கொள்.

வாயாடி

செப்டம்பர் 2

வாயாடிக்கு,

உன் கட்டுரையைக் கைடு என் மேசையில் போட்டு, "முந்திக்கிட்டாங்களேம்மா" என்றார். நான் பக்கங்களைப் புரட்டினேன். மூன்றாவது வரைபடம் என் ஏழாம் புட்டியின் அளவுகள். ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாம். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாய். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா? பதில் எழுது. பொய்யாவது எழுது.

கரிக்குருவி

டிசம்பர் 11

அன்புக் கரிக்குருவி,

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வேலை நிரந்தரமாக ஒரு கட்டுரை தேவைப்பட்டது. இப்போது வேறு எந்த லேபிலும் அந்த அளவு வரவில்லை, எனக்கே வரவில்லை. கட்டுரையைப் போட்ட இதழிலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஏழாம் புட்டியில் என்னதான் செய்தாய்? பழைய நட்புக்காகச் சொல்லடி.

உன் வாயாடி

டிசம்பர் 20

வாயாடிக்கு,

மற்ற புட்டிகளுக்கெல்லாம் கரியைக் கழுவிப் போட்டேன். ஏழாவதற்குப் போட்ட அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை, கழுவாமலே போட்டுவிட்டேன். கரியில் ஒட்டியிருந்த சாம்பல் சேற்றின் புளிப்பை முறித்து வாயுவைக் கிளப்பியிருக்கிறது. எலக்ட்ரானுக்கும் அந்த மூன்று மடங்குக்கும் சம்பந்தமில்லை. மார்ச்சில் உன் பதில் வந்த வாரமே கண்டுபிடித்துவிட்டேன். செப்டம்பரிலேயே சொல்லியிருப்பேன், நீ மன்னிப்பு என்று ஒரு வரி எழுதியிருந்தால்.

கழுவிய கரிப் புட்டிகளில் ஒன்றரை மடங்கு வருகிறது. சின்ன அளவுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் வருகிறது. அதையே ஆய்வேடாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தப்பைக் கண்டுபிடித்த அன்று, "நல்லவேளை, என் வாயாடி சொன்னதைக் கேட்டேன், இல்லேன்னா மானம் போயிருக்கும்" என்று லேப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் அழுகை வருகிறது. இனி எனக்கு எழுதாதே.