சம்படங்களின் மேல் உன் எழுத்து

என் பிரியத்துக்குரிய மைனி,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. நீ கண்மூடியபின் வரும் முதல் சீசன். உங்கள் வீட்டுச் சுவர் வழக்கம்போல வேர்க்கிறது. துவைத்த துணி நாள்கணக்கில் காயாமல் கிடக்கிறது. தென்காசியிலிருந்து பஸ் ஏறி வந்துபோவதற்கே இப்போதெல்லாம் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

உன் அப்பா, என் மாமாதான், போனில் கூப்பிட்டார். "ஒங்க அத்தைட்ட நீயாவது ஒரு வார்த்த சொல்லு தாயி. அடுக்களையில சம்படம் பூரா சாமான் நெறஞ்சு கெடக்கு. இவ கடையில பொட்டலம் வாங்கிச் சமைக்கா. பருப்புல வண்டு விழுந்தாச்சு. தொட விட மாட்டேங்கா."

ஏன் என்று உனக்குத் தெரியும். அந்தச் சம்படங்களின் மேல், டப்பாவுக்கு டப்பா, ஒட்டியிருப்பது உன் எழுத்து.

சாரலில் காகிதம் ஊறி உரியும். சீசன் ஓய்ந்ததும் நீ புதிதாக எழுதி ஒட்டுவாய். ஆண்டுக்கு ஒரு தேசம். அரபுக்காரர்கள் நாணலைச் சாய்வாகச் சீவி எழுதினார்கள் என்று படித்துவிட்டு, ஐஸ் குச்சியைச் சீவி, தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுகளில் 'சீரகம்' எழுதினாய். மறு ஆண்டு ஐரோப்பிய மடத்துத் துறவிகளைப்போல, வேலி நட்டதுபோன்ற கறுத்த நெருக்கமான எழுத்து. பிறகு ஓலைச்சுவடி. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அந்தக் காலத்தில் விட்டுவிட்டார்களாம், நீயும் விட்டாய்.

"ஏட்டி, 'உபபு'ன்னா என்னட்டி? இத எந்த நாட்டுக் கொழம்புல போடுதாங்க?" என்றாள் அத்தை.

"ஒங்கொழம்புல எதப் போட்டா என்னம்மா, எல்லாம் ஒண்ணுதான்."

கடைசியாக எழுதியது சீனத் தூரிகையில். புகழ்பெற்ற ஒரு சீனக் கையெழுத்தின் மூலப்பிரதி தொலைந்துபோய், அதன்மேல் மெல்லிய தாள் வைத்து விளிம்பு வரைந்து, உள்ளே மை நிரப்பிய நகல்களில்தான் இன்னும் பிழைத்திருக்கிறது என்று அப்போது சொன்னாய்.

நானும் அதைத்தான் செய்தேன். "அச்சு அசலா எழுதித் தந்தா கழுவ விடுவீங்களா அத்தை?" என்று கேட்டேன். சரியென்று தலையாட்டினாள். கழுத்து வலிக்க வலிக்க விளிம்பு வரைந்தேன், மை நிரப்பினேன். ஒரு கோடுகூட விலகவில்லை.

அத்தை ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. பாவம், ஒனக்குக் கண்ணு வலிச்சிருக்கும்." தாள்களை என்னிடமே நீட்டி, "ஆனா அவ இப்படி யோசிச்சு யோசிச்சு எழுத மாட்டாட்டி" என்றாள்.

பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சம்படங்களை முற்றத்துக்குத் தூக்கிப்போய், பருப்பைக் கொட்டிவிட்டு, சோப்பும் நாருமாகத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். காகிதத்தையாவது உரித்து எடுக்கலாம் என்று ஓடினேன். கூழாகத்தான் வந்தது. உன் 'மல்லி' என் விரலில் கறுப்பாக ஒட்டியது. அவளுக்கு எடுத்துச்சொல்லப் போனவள் நான். அழுததும் நான்தான்.

"விடுட்டி. அவ வருசா வருசம் பிச்சுத்தான போடுவா" என்றாள் அத்தை. கை நிற்கவில்லை.

உண்மைதான். அரபு எங்கே, துறவிகள் எங்கே? எதையும் நீ வைத்துக்கொள்ளவில்லை. எழுதியவளே எறிந்ததை நான் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேன்? உலகம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து படியெடுத்தவர்கள் காப்பாற்றியது எழுத்தையா, அந்தக் கையையா? தெரியவில்லை, மைனி. யோசிக்கவும் களைப்பாக இருக்கிறது.

நான் செய்த நகல்களை அத்தை ஒட்டவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கிழித்து, பால்பாயிண்ட் பேனாவில், கோணலும் மாணலுமாகத் தானே எழுதினாள். எங்காவது உன் சாயல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அன்று மத்தியானம் ரசம் வைத்தாள். உப்புக் கரித்தது. மாமா மறுபடி வாங்கி ஊற்றிக்கொண்டார்.

அடுத்த சாரலில் அவள் எழுதியதும் உரியும். அவளுக்கு முடியாவிட்டால் நான் வந்து எழுதி ஒட்டுவேன். உன்னைப்போல எழுதிப் பார்க்க மாட்டேன், மைனி. என் கை எப்படி வருகிறதோ, அப்படி. இது சத்தியம்.

என்றும்
உன் மாமன் மகள்