பதிவில் இல்லாத பிள்ளை

வெள்ளவத்தை
17.3.1997

என் அன்புள்ள அப்பாவுக்கு,

கண்ணில் புரை வெட்டியபின் வாசிக்க முடிகிறதா? அம்மாவின் கால்வீக்கம் வற்றிவிட்டதா? கர்த்தரின் கிருபையால் நான் சுகம்.

போன கிழமைச் சுற்றிவளைப்பில் என்னோடு அறையில் இருக்கும் கனகேசைப் பொலிஸ் கொண்டுபோனது. பயப்படவேண்டாம், மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். பொலிஸை விட எனக்குக் கோபம் எங்கள் போதகரோடுதான். அவளை விடுவிக்க, இவளைத் தெரியும் என்று ஒரு வரி எழுதித்தரக் கேட்டேன்.

“அவ சைவப் பிள்ளையெல்லோ? எங்கட சபைப் பதிவில இல்லை. பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது எண்டு வேதம் சொல்லுது, பிள்ளை” என்றார்.

வேதத்தைக் காட்டினார், சபை விதியைக் காட்டினார். மனச்சாட்சியை மட்டும் கேட்டுப்பார்க்கவில்லை. எனக்குத் தனியே போகப் பயம் என்று ஒரு வருடமாக ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வந்து கடைசி வாங்கில் அமர்ந்திருந்தவள் அவள். கிறிஸ்மஸுக்கு அவருடைய வீட்டில் கேக் வெட்டி அடுக்கியதும் அவள்தான்! கடைசியில் நானே பொலிஸுக்குப் போய் அவளுக்குப் பொறுப்பாகக் கையெழுத்து வைத்தேன்.

அம்மாவிடம் கூழுக்குக் கொஞ்சம் ஒடியல் மா கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் பழைய வேதாகமத்தையும் அனுப்புங்கள். நீங்கள் கீறிய கோடுகளோடு வாசித்தால் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும்.

கடிதம் கொண்டுவருபவர் வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார். பெரிய வெள்ளிக்கு வேதம் வாசிக்க என்னைப் போட்டிருக்கிறார்கள். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்ன பகுதி. மூன்று தரமும் போதகரைப் பார்த்துத்தான் வாசிப்பேன். கனகேசை முன்வாங்கில் இருத்தப்போகிறேன்.

உங்கள் மகள்
யூனிஸ்