புஷ்பத்தைக் கேட்காமல் எழுதியது

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கடையில் ஆளில்லை. பைப் லோடும் வரவில்லை.

சும்மா இருந்த நேரத்தில் போனில் புஷ்பத்தின் மாதக் கேள்விகளை முடித்தேன். புற்றுநோய்க்குக் கர்ப்பப்பையை எடுத்த பிறகு ஆஸ்பத்திரியில் அவள் பெயரில் திறந்து தந்த உடல்நலப் பதிவு. மாதாமாதம் வீட்டிலிருந்தே பதில் போட்டால் டாக்டர் அங்கே பார்ப்பார். மலையாளத்திலும் இங்கிலீஷிலும்தான் இருக்கிறது. என் மனைவி எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழில் படித்தவள். மலையாளத்தில் பொரிந்து தள்ளுவாள், வாசிக்கத் தெரியாது. ஆகவே என் வேலை.

பசி, உண்டு. தூக்கம், உண்டு. ரத்தப்போக்கு? வழக்கம்போல் 'இல்லை'. அதைப் போய் அவளிடம் எப்படிக் கேட்பது? பைப் அரை இஞ்சா முக்கால் இஞ்சா என்று நாள் முழுதும் ஊரையே கேட்கிற வாய்தான்.

வாங்க வேண்டியது: டெஃப்லான் டேப், பால் வால்வு, அவளுக்கு ரஸ்க்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். ஆஸ்பத்திரி சிஸ்டர் கூப்பிட்டார். பதில்கள் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். "சேட்டன் கிருத்யமாயிட்டு செய்யுந்நுண்டல்லோ!" ஒழுங்காகச் செய்கிறேனாம். டாக்டர் இந்த மாதப் பரிசோதனையை ஓணத்துக்குப் பிறகு மாற்றிவிட்டார். நெய்யாற்றின்கரை போய் ரயிலேறும் பாடு மிச்சம்.

சாயங்காலம் சர்ச் சபைக் கமிட்டியில் சொன்னேன். செயலாளர் முதுகில் தட்டினார். "எலே, பெண்டாட்டிய நோக்குறது எப்பிடின்னு இவனக் கண்டு படிக்கணும்." நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஜூன் 12, வியாழன்

வெயில். காலையில் கஞ்சி குடிக்கும்போது புஷ்பம் கேட்டாள். "இந்த மாசம் ஆஸ்பத்திரிக்குப் போவண்டாமா?"

"வேண்டாமாம். எல்லாம் நார்மல்."

"அப்பம் அந்த ரத்தம் போறது சாரமில்ல, பயப்படண்டாம்னா டாக்டர் சொன்னாரு?"

கரண்டியைக் கஞ்சியில் விட்டுவிட்டுக் கேட்டேன். எந்த ரத்தம்?

"ஈஸ்டர் தொட்டு உண்டு. நீங்க எழுதியிருப்பியன்னாக்கும் நான் நினைச்சேன். கொடியில துணி காயுறத நீங்க பாத்தியளே."

பார்த்தேன். பார்க்கவில்லை என்று இங்கேகூட எழுத முடியாது. பின்பக்கக் கொடியில், துவர்த்துத் துண்டுக்கு அடியில் மறைத்துப் போட்டிருந்த துணிகள். பார்த்துவிட்டு வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏதோ பெண்கள் சமாச்சாரம் என்று. கர்ப்பப்பையே இல்லாதவளுக்கு என்ன பெண்கள் சமாச்சாரம், மடையா!

நான் எழுதுவேன் என்று அவள் இருந்திருக்கிறாள். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை என்று இருந்திருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒரு வார்த்தை எனக்க கிட்ட கேட்டிருக்கலாமே." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

கடைக்குப் பின்னால், சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் நின்று சிஸ்டரைக் கூப்பிட்டேன். எவ்வளவு போகிறது, வலி உண்டா என்று கேட்டார். தெரியாது என்றேன். "பின்னெ இத்ர நாள் ஆரா இது பூரிப்பிச்சது?" இத்தனை நாள் நிரப்பியது யாராம். நான்தான் என்றேன். பிறகு, நாளைக் காலையே கூட்டிவரச் சொன்னார். அதற்கு முன் அவளிடமே கேட்டுப் புதிதாகப் பதில் அனுப்ப வேண்டும்.

பழைய பதில்களின் கீழ் 'அவளைக் கேட்காமல் கணவன் எழுதியது' என்று மலையாளத்தில் குறித்தேன். டாக்டர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

அதே நாள், சாயங்காலம்

மறுபடியும் மழை. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொன்னேன். எனக்கு நாக்குக் கூசியது. அவளுக்குக் கூச்சமே இல்லை. எவ்வளவு, எப்போது, என்ன நிறம், எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில். கேட்க ஆள் இல்லாமல் இருந்தவள்.

கடைசியில் ஒரு கேள்வி, புருஷனோடு சேரும்போது வலி உண்டா என்று. தாண்டிவிடப் பார்த்தேன்.

"அது என்ன, விட்டுட்டுப் போறிய? வாசிங்க."

வாசித்தேன்.

ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "உண்டு. ஆபரேஷனுக்குப் பொறவு எப்பவும் உண்டு. எழுதுங்க."

எழுதினேன்.